விடாதே

நாரின் நகரில் நவம்பர்.
உடற்கல்வி ஆசிரியர் கால் முறிந்து கிடக்கிறார்.
கணக்கு வாத்தியாரான என் கழுத்தில்
அவருடைய விசிலை மாட்டிவிட்டார் தலைமையாசிரியை.
"இருபத்திரண்டு பிள்ளைகள், நாற்பது நிமிடம்.
ஒற்றுமை கற்றுக்கொடுங்கள்" என்றார்,
ஏதோ இரண்டாம் வாய்பாடு மாதிரி.

ஒன்றாம் வகுப்பு.
கூடத்தில் வெப்பக் குழாய் பெயருக்கு இருக்கிறது.
கம்பளித் தொப்பிகளோடு வந்து நின்றார்கள்,
வாயெல்லாம் ஆவி.

சாமான் அறையைக் குடைந்ததில் கிடைத்தது
ஒரு பழைய ராணுவப் பாராசூட்.
யாரையோ எங்கேயோ எப்போதோ
உயிரோடு இறக்கிவிட்ட துணி.
(இறக்காமலும் விட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை.)
கயிறுகளை அறுத்து, ஓரம் மடித்துத் தைத்திருந்தார்கள்.
நடுவில் அதன் பிறவித் துளை மட்டும் அப்படியே.

விதி எளிது என்றேன்.
ஆளுக்கொரு பிடி. மேலே ஒரு பந்து.
துளைக்குள் விழக் கூடாது.
யாரும் எதற்காகவும் கையை விடக் கூடாது.

பந்தைப் போட்டேன். விழுந்தது.
போட்டேன். விழுந்தது.
பெக்தெமிர் இழுத்த இழுப்பில்
எதிரே நின்ற இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள்.
ஜெயித்துவிட்டதாகச் சிரித்தான்.
எதில் என்று எனக்கும் தெரியவில்லை.
கனிகேய்க்கு இடக்கையில் மாவுக்கட்டு.
அவள் பக்கம் துணி தொங்கியது,
பள்ளம் கண்ட தண்ணீராய்ப் பந்து அங்கேயே ஓடியது.
"உன்னாலதான்" என்றது ஒரு குரல்.
அவள் மூக்கை உறிஞ்சினாள்.
எர்மெக், வாயைத் திறந்து யாரும் பார்த்திராதவன்,
பந்து கிட்டே வரும்போதெல்லாம் பயந்து கையை விட்டான்.
"விடாதே எர்மெக்!"
அன்று நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

எண்ணியும் பார்த்தேன்: பிர், எகி, ஊச்.
கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்.
சிலர் இரண்டிலேயே தூக்கினார்கள்.
சிலர் மூன்றைக் கேட்டு யோசித்தார்கள்.
ஒருத்தி நான்கு எப்போது வரும் என்று கேட்டாள்.

தொண்டை கட்டியது. நிறுத்தினேன்.
அந்தச் சந்தடியில்லாத நேரத்தில்
கனிகேயின் இடப்பக்கம் நின்ற ஐஜிரேக்
ஒரு சாண் நகர்ந்து
கட்டுப்போட்ட கை பிடிக்க வேண்டிய இடத்தைப்
பிடித்துக்கொண்டாள்.
அவள் விட்ட இடத்துக்கு அடுத்தவன் நகர்ந்தான்.
அவன் விட்ட இடத்துக்கு இன்னொருத்தி.
வட்டம் முழுக்க ஓர் அசைவு,
நெரிசல் பஸ்ஸில் ஒருவருக்கு இடம் பிறப்பது போல.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விசில் என் வாயில்கூட இல்லை.

முதலில் மூச்சு விட்டது யாரென்று தெரியாது.
இருபத்திரண்டு வாய்களின் ஆவி
ஒன்றாய்க் கிளம்பியது.
துணி எழுந்தது.
பந்து ஓரத்தைச் சுற்றி உருண்டது,
எர்மெக்கின் நெஞ்சுக்கு நேரே வந்தது,
எர்மெக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்,
விடவில்லை.
பந்து அவனைத் தாண்டிப் போனது.

சந்தோஷத்தில் விதியை மறந்து கத்தினேன்:
"விட்டுட்டு எல்லாரும் உள்ளே ஓடுங்க!"
துணி எங்கள் மேல் கூரையாய் இறங்கியது.
துளை வழியே ஒரு வட்டத் தட்டு வெளிச்சம்.
"துந்துக்!" என்று அலறினான் பெக்தெமிர்.
ஆமாம், கூடார வீட்டின் உச்சி வளையம்,
எங்கள் கொடியில் இருக்கும் அதே வளையம்.
தலைகளை எண்ணினேன், பழக்கதோஷம்.
இருபத்தொன்று.

ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
அத்தனை பெரிய கூடத்தில் எர்மெக் தனியாக,
இரண்டு கையாலும் துணியைப் பிடித்தபடி.
விரல் நுனிகள் வெளுத்திருந்தன.
"ஏன்டா உள்ளே வரலை?"
"விடாதேன்னு சொன்னீங்களே, அகாய்."

பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் மாவுக்கட்டு முதலில், பிறகு கனிகேய்,
ஊர்ந்து வெளியே போய்
அவன் பக்கத்தில் ஒற்றைக் கையால் பிடித்தாள்.
பின்னாலேயே ஐஜிரேக். பெக்தெமிர்.
நான்கு எப்போது வரும் என்று கேட்டவள்.

கடைசியில் துணிக்கடியில் மிஞ்சியது
நானும் பந்தும்.
மணி அடித்துவிட்டது. யாரும் போகவில்லை.
"அகாய், தூக்கட்டுமா?" என்றது எர்மெக்கின் குரல்.
வெளியே எல்லோரும்
மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.